திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

கேள்வி இதுதான்: திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் 99 என்கிறார்கள், இன்னோரிடத்தில் 114, வேறோரிடத்தில் 184. நேரமும் அப்படித்தான். 14 நிமிடம், 44 நிமிடம், ஒரு மணி நேரம் என்று ஆளுக்கொரு கணக்கு. எதை நம்புவது?

தூரத்தில் குழப்பமே இல்லை. மூன்றும் ஒரே தூரம்தான், அலகுதான் வேறு. 99 என்பது கடல் மைல், 114 சாதாரண மைல், 184 கிலோமீட்டர். விமானத் துறையில் புழங்குவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அலகைப் போடாமல் எண்ணை மட்டும் எடுத்துப் போடுகிறவர்களால் வந்த வினை இது.

நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. 14 நிமிடம் என்பது 184ஐ மணிக்கு 800 கி.மீ. என்ற ஜெட் வேகத்தால் வகுத்து வந்த விடை. 44 நிமிடம் என்பது 114 மைலை மணிக்கு 500 மைல் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க என்று அரை மணி நேரம் சேர்த்தது. இரண்டிலும் ஒரே தவறு: இந்த வழியில் ஜெட் பறப்பதில்லை. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ இந்தச் சேவையைத் தொடங்கியபோது விட்டது ஏடிஆர் 72 என்ற இரட்டை டர்போபிராப் விமானம். பக்கத்துக்கு ஒரு விசிறி சுற்றும், 78 இருக்கை உள்ள சின்ன விமானம். அதன் உச்சப் பயண வேகமே மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான். அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போடுவதற்குக் காரணம் அதுமட்டும் இல்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் தூரத்தை நீங்களே கையால் போட்டுப் பாருங்கள். கணிப்பான் தளம் எதுவும் வேண்டாம். திருச்சி விமான நிலையம் வடக்கு 10.765 பாகை, கிழக்கு 78.715 பாகையில் இருக்கிறது. பலாலி வடக்கு 9.792, கிழக்கு 80.070. வடக்கு–தெற்கு வித்தியாசம் 0.973 பாகை. அட்சரேகையில் ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்பது எப்போதும் நிற்கும் கணக்கு, ஆகவே 58.4 கடல் மைல் தெற்கே போக வேண்டும். கிழக்கு–மேற்கு வித்தியாசம் 1.355 பாகை. இதை அப்படியே 60ஆல் பெருக்கக் கூடாது. பூமத்திய ரேகையை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். அதற்கு ஈடாக இரண்டு ஊருக்கும் நடு அட்சரேகையின் (10.28 பாகை) கொசைனால் பெருக்க வேண்டும், அது 0.984. ஆக 1.355 × 60 × 0.984 = 80.0 கடல் மைல் கிழக்கே. இனி பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான்: 58.4இன் வர்க்கம் 3,411, 80இன் வர்க்கம் 6,400, கூட்டினால் 9,811, வர்க்கமூலம் 99.05. கடல் மைலைக் கிலோமீட்டராக்கினால் 183.4.

பூமி உருண்டை, வளைவைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். இந்தத் தூரத்துக்கு வேண்டியதில்லை. முழு வட்டச் சூத்திரம் போட்டாலும், பூமி துருவத்தில் சற்றுத் தட்டையானது என்பதைச் சேர்த்தாலும், விடை ஒரு கிலோமீட்டருக்குள்தான் நகரும். 183 என்று ஒரு தளமும் 184 என்று இன்னொரு தளமும் காட்டுவது ஓடுதளத்தின் எந்தப் புள்ளியை வைத்தார்கள் என்பதால் வருவது. அதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பெரிய தவறுகள் வேறு இடத்தில் வரும். ஒன்று, பாகையும் கலையும் தசமமும் கலந்துவிடுவது. திருச்சி 10 பாகை 46 கலை, 78 பாகை 43 கலை என்று எழுதியிருப்பதைப் பார்த்து 10.46, 78.43 என்று தட்டச்சு செய்துவிடுகிறார்கள். பாகைக்கு 60 கலை. 46 கலை என்றால் 0.767 பாகை. பலாலியின் 9 பாகை 47 கலை, 80 பாகை 4 கலையையும் இப்படியே 9.47, 80.04 என்று போட்டால் விடை 208 கி.மீ. என்று வரும். எங்கேயாவது இந்தப் பாதைக்கு 208ஐப் பார்த்தால் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளலாம். இன்னொன்று, விமான நிலையத்துக்குப் பதில் ஊரின் மையத்தை அளப்பது. திருச்சி விமான நிலையம் ஊருக்குத் தெற்கே புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. பலாலி யாழ் நகருக்கு வடக்கே. அதாவது இரண்டு விமான நிலையமும் ஒன்றையொன்று பார்த்த பக்கத்தில் இருக்கின்றன. ஊருக்கு ஊர் அளந்தால் 190ஐத் தாண்டிவிடும். சாலை வழித் தூரம் என்று ஓர் எண்ணைப் போடும் தளங்களை அப்படியே விட்டுவிடலாம். நடுவில் பாக்கு நீரிணை கிடக்கிறது, சாலைக்கு எங்கே போவது?

வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தால் அது தென்கிழக்காக, ஏறக்குறைய 126 பாகைத் திசையில் (வடக்கு 0, கிழக்கு 90 என்று எண்ணும் கணக்கில்) போகும். பட்டுக்கோட்டைக்குக் கொஞ்சம் தெற்கே கடந்து, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில் கரையை விட்டு விலகும். அதன் பிறகு சுமார் 90 கி.மீ. கடல். காங்கேசன்துறைக்கு மேற்கே யாழ் குடாநாட்டின் வடகரையைத் தொட்டதும் சில கிலோமீட்டரில் ஓடுதளம். பாதி நிலம், பாதி நீர். கோடியக்கரை முனை கோட்டுக்கு வடக்கே 30 கி.மீ. அளவில் தள்ளி இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் இடப்பக்க சன்னலில் தெரியும். ஏடிஆரில் இறக்கை உடலுக்கு மேலே பொருத்தியிருப்பதால் கீழே பார்க்க மறைப்பு இல்லை.

சரி, நேரத்துக்கு வருவோம். விமான நிறுவனம் டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரை. இதைத்தான் பிளாக் டைம் என்பார்கள். இதற்குள் தரையில் உருளும் நேரமும் இருக்கிறது, தாமதத்துக்கு என்று ஒதுக்கிய சில நிமிடமும் இருக்கிறது.

துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். திருச்சியில் இயந்திரத்தை முடுக்கி, ஓடுதள முனைக்கு உருண்டு போய், அனுமதி வாங்க 10 முதல் 12 நிமிடம். வேறு விமானம் இறங்கிக்கொண்டிருந்தால் அது கடக்கும் வரை நிற்க வேண்டும். கிளம்பிய பின் 15,000 அடி அளவுக்கு ஏற 12 நிமிடம். அதற்குள் 70 கி.மீ. கடந்திருக்கும், ஏறும்போது வேகம் குறைவு. இறங்குவதற்கு விமானிகள் வைத்திருக்கும் எளிய கணக்கு, ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 15,000 அடியிலிருந்து இறங்க 45 கடல் மைல் வேண்டும், அதாவது 80 கி.மீ.க்குச் சற்று மேல். ஏற 70, இறங்க 80. 184இல் மிச்சம் என்ன? 30, 35 கி.மீ. மட்டமாகப் பறக்கும் நேரம் நாலைந்து நிமிடம்தான். முழு வேகத்தில் ஓடுவது அந்த நாலைந்து நிமிடம் மட்டுமே! இந்தப் பாதைக்கு ஜெட்டை விட்டாலும் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாததன் காரணம் இது. ஜெட்டின் வேகம் உயரே போனால்தான் வேலை செய்யும், உயரே போக இங்கே இடமில்லை.

இறங்கும் முன் ஒரு திருப்பம் இருக்கிறது. பலாலி ஓடுதளம் 05/23. எண்ணுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துப் படியுங்கள்: ஒரு முனையிலிருந்து 50 பாகை, அதாவது வடகிழக்கு நோக்கி, மறுமுனையிலிருந்து 230 பாகை, தென்மேற்கு நோக்கி. வருவதோ 126 பாகையில். கிட்டத்தட்டக் குறுக்காக வருகிறது. எந்த முனையில் இறங்கினாலும் 75 முதல் 105 பாகை வரை வளைத்துத்தான் ஓடுதளத்துக்கு நேராக வர முடியும். அந்த வளைவுக்கும் கடைசி இறக்கத்துக்கும் 5 நிமிடம் வையுங்கள். பிறகு ஓடுதளத்திலிருந்து நிறுத்தும் இடத்துக்கு நாலைந்து நிமிடம்.

கூட்டினால் காற்றில் 33, 34 நிமிடம்; தரையில் 15 நிமிடம் அளவு. ஆக ஏறக்குறைய 50. அட்டவணை போடுகிறவர்கள் அதன்மேல் ஐந்து பத்து நிமிடம் கூட்டுவார்கள். ஏடிஆர் ஒரு நாளில் பல தடவை ஏறி இறங்கும் வண்டி. முதல் நடையில் விழுந்த பத்து நிமிடத் தாமதம் கடைசி நடை வரை இழுத்துக்கொண்டு வரக்கூடாது என்பதற்காக வைக்கும் இடைவெளி அது. உங்கள் விமானம் 'முன்கூட்டியே வந்துவிட்டது' என்று அறிவித்தால் விமானி வேகமாக ஓட்டினார் என்று அர்த்தமில்லை, அந்தப் பத்து நிமிடம் செலவாகவில்லை, அவ்வளவுதான்.

நேர்கோட்டில் 184 கி.மீ. என்றாலும், கிளம்பும்போது ஒரு வளைவு, இறங்கும்போது ஒரு வளைவு சேர்த்தால் உண்மையில் பறப்பது 210ஐ ஒட்டி இருக்கும். பாதையும் விமானியின் இஷ்டம் அல்ல. திருச்சிப் பக்கத்து வான்பரப்பு சென்னைக் கட்டுப்பாட்டில், பலாலிப் பக்கம் கொழும்புக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீரிணையின் மேல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக் கொடுப்பார்கள். எங்கே, எந்த உயரத்தில் எல்லையைக் கடக்க வேண்டும் என்று சொன்னால் அப்படித்தான் போக வேண்டும்.

இனி பருவம். இதைப் பொதுவாக யாரும் சொல்வதில்லை, ஆனால் இந்தப் பாதையில் போவதற்கும் வருவதற்கும் நேரம் வேறுபடுவது இதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று. 15,000 அடியில் அது 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) அளவில் வீசினால், யாழ்ப்பாணம் போகும்போது பின்னாலிருந்து 20 நாட் தள்ளும்; வரும்போது அதே 20 நாட் எதிரே நிற்கும். அரை மணி நேரப் பறப்பில் இது பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், மொத்த வித்தியாசம் ஐந்து நிமிடம் அளவு. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று பாதைக்குக் குறுக்காக வீசுவதால் இரு பக்கமும் பெரிய லாப நட்டம் இல்லை.

ஆனால் காற்று இன்னொரு வழியிலும் விளையாடும். விமானம் எதிர்காற்றை நோக்கித்தான் ஏறும், இறங்கும். திருச்சி ஓடுதளம் 09/27, நேர் கிழக்கு மேற்கு. மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விமானம் மேற்கே பார்த்துக் கிளம்பி, யாழ்ப்பாணம் போக முதுகைத் திருப்பி வர வேண்டும். பின்காற்றில் கிடைத்த இரண்டு மூன்று நிமிடம் இந்தத் திருப்பத்திலேயே கரைந்துவிடும். திரும்பி வரும்போது நிலைமை தலைகீழ். கிழக்கிலிருந்து வருகிற விமானம் 27இல் இறங்க 36 பாகைதான் வளைய வேண்டும், ஏறக்குறைய நேரே வந்து இறங்கிவிடலாம். எதிர்காற்றில் போனதை அங்கே மீட்டுக்கொள்ளும். கிழக்குக் காற்று மாதங்களில் போகும்போது 09இல் கிளம்பி நேரே கடலைப் பார்க்கலாம். வரும்போது ஊரைத் தாண்டி மேற்கே போய், முழுதாகத் திரும்பி 09இல் இறங்க வேண்டும். அதற்கு ஐந்தாறு நிமிடம் கூடும். ஆக, குளிர்காலத்தில் வரும் பயணம் சற்று இழுக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை இரு கரைக்கும் பொது. அப்போது தாமதம் நிமிடக் கணக்கில் நிற்காது. பலாலியில் இறங்க முடியாத மழை என்றால் கொழும்பு கட்டுநாயக்கா 290 கி.மீ., கிளம்பிய திருச்சியோ 184 கி.மீ. திரும்பிப் போவதுதான் கிட்டம் என்பதை மனதில் வைத்து அன்றைய நாளைத் திட்டமிடுங்கள்.

வேறு ஊர்களுக்கும் நேரத்தைச் சட்டென்று போட ஒரு சுருக்கு வழி உண்டு. ஏடிஆர் என்றால் அரை மணி நேரத்தை முதலில் எழுதிவிட்டு, தூரத்தை 500ஆல் வகுத்து வருவதைச் சேருங்கள். திருச்சி–யாழ்ப்பாணம்: 30 + 22 = 52 நிமிடம். சென்னை–யாழ்ப்பாணம் 356 கி.மீ.: 30 + 43, ஒன்றே கால் மணி நேரத்தை ஒட்டி. சென்னை–திருச்சி 294 கி.மீ.: 30 + 35 = 65. ஜெட் என்றால் அதே அரை மணி, ஆனால் 800ஆல் வகுக்க வேண்டும். திருச்சி–கொழும்பு 418 கி.மீ.: 30 + 31 = 61 நிமிடம். பாருங்கள், கொழும்பு இரண்டு மடங்குக்கும் மேல் தூரம், நேரம் ஒன்பது நிமிடம்தான் அதிகம். இந்தச் சுருக்கு வழி பெரிய நகரங்களில் தோற்கும். டெல்லி, மும்பை மாதிரி இடங்களில் தரையில் உருள்வதற்கே 20 நிமிடம் போய்விடும், அரை மணியை முக்கால் மணியாக்கிக்கொள்ள வேண்டும்.

கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. 2006 ஏப்ரலில் இலங்கை தன் நேரத்தை மாற்றிக்கொண்டதிலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான். அதற்கு முன் இலங்கை அரை மணி முன்னால் இருந்தது. பழைய கட்டுரைகளில் 'போகும்போது ஒன்றரை மணி, வரும்போது அரை மணி' என்பது போல் எதையாவது பார்த்தால் அதன் மிச்சம்.

இதெல்லாம் விமானத்தின் கணக்கு. உங்கள் கணக்கு வேறு. இது உள்நாட்டுப் பயணம் போலத் தோன்றும் வெளிநாட்டுப் பயணம், பலர் ஏமாறுவது இங்கேதான். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையம் ஐந்தாறு கி.மீ.; 20 நிமிடம் போதும். ஆனால் செக்-இன் கவுண்ட்டரைக் கிளம்புவதற்கு 60 முதல் 75 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். உங்கள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரமே சட்டம். அதற்குப் பிறகு இமிக்ரேஷன், சுங்கம், பாதுகாப்புச் சோதனை. 2024 ஜூனில் புதிய முனையம் இயங்கத் தொடங்கிய பிறகு இடநெருக்கடி குறைந்தது. ஆனாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்களில் ஏதாவது ஒன்று அதே நேரத்தில் கிளம்பினால் இமிக்ரேஷன் வரிசையில் உங்களுக்கு முன்னால் நூற்றைம்பது பேர் நிற்பார்கள். உங்கள் விமானம் சின்னது என்பது அந்த வரிசைக்குத் தெரியாது. இரண்டரை மணி நேரம் முன்னால் உள்ளே இருங்கள்.

பலாலியில் இறங்கி இமிக்ரேஷன், பெட்டி, சுங்கம் என்று 30 முதல் 45 நிமிடம். அங்கிருந்து யாழ் நகரம் 16 முதல் 18 கி.மீ.; பேருந்தோ ஆட்டோவோ, 40 நிமிடம் வையுங்கள். கூட்டிப் பாருங்கள்: 20 நிமிடம், இரண்டரை மணி, ஒரு மணி, முக்கால் மணி, 40 நிமிடம். ஐந்தே கால் மணி நேரம். அதில் விமானம் காற்றில் இருப்பது அரை மணிக்குக் கொஞ்சம் மேல். எனவே நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வானத்தில் தேடாதீர்கள், வரிசையில் தேடுங்கள்.

அதற்கு ஒரு வழி: பின் வரிசை இருக்கை. ஏடிஆர் 72இல் பயணிகள் ஏறி இறங்கும் வாசல் வாலுக்குப் பக்கத்தில், இடப்புறம் இருக்கிறது. முன்னால் இருக்கும் கதவு சரக்குக்கு. முன் இருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுத்து உட்கார்ந்தவர் கடைசியாக இறங்குவார். கடைசி மூன்று வரிசையில் இருப்பவர் முதலில் இறங்கி இமிக்ரேஷன் வரிசையின் தலையில் நிற்பார். விசிறிச் சத்தமும் பின்னால் குறைவு. கைப்பையிலும் கவனம் வேண்டும். தலைக்கு மேலே உள்ள பெட்டி ஜெட்டில் இருப்பதைவிடச் சிறியது. சக்கரம் வைத்த தள்ளுபெட்டி உள்ளே போகாமல், ஏறும் இடத்திலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடலாம். அப்புறம் பலாலியில் அதற்கும் காத்திருக்க வேண்டும். மருந்து, பாஸ்போர்ட், போன் சார்ஜர் எல்லாம் தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும்.

மாற்று வழிகளோடு ஒப்பிடாமல் இந்தப் பதில் முழுமையாகாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சுமார் 60 கடல் மைல், 110 கி.மீ., கடலில் நாலு மணி நேரம். நாகையும் திருச்சி விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நாகையிலிருந்து கப்பல் கிட்டத்தட்ட நேர் தெற்காகப் போகிறது. திருச்சிக்காரர் 140 கி.மீ. கிழக்கே நாகைக்குப் போய்க் கப்பல் ஏறினால் சாலைக்கு மூன்றரை மணி, துறைமுகச் சோதனைகள், கடல், மறுகரைச் சோதனைகள் என்று ஒரு முழு நாள் போய்விடும். அதே நாகை, திருவாரூர், வேதாரண்யத்துக்காரருக்கு விமானம் ஏறத் திருச்சிக்கு வருவதே மூன்று மணி நேரத்துக்கு மேல். அவர்களுக்குக் கப்பல் நியாயமான வழிதான், வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளித்துச் சேவை நிற்காத மாதங்களில்.

திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து தரை வழியாக யாழ்ப்பாணம் போவது பழைய வழக்கம். விமானம் ஒரு மணி நேரம்தான், ஆனால் அதற்குப் பின் 350, 400 கி.மீ. சாலையோ ரயிலோ இருக்கிறது. ஏழெட்டு மணி நேரம். கொழும்பில் வேலை இருந்தால் ஒழிய அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. மதுரையிலிருந்து வருகிறவர் திருச்சி விமான நிலையத்துக்குச் சாலையில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும். காரைக்குடி, புதுக்கோட்டைக்காரர்களுக்கு இன்னும் வசதி, அவர்கள் ஊருக்குள் நுழையவே வேண்டாம், விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே வந்துவிடும்.

இணைப்பு விமானம் பிடிக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சிங்கப்பூரிலிருந்து திருச்சி வந்து யாழ்ப்பாணம் போகிறீர்கள், இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், திருச்சியில் இந்திய இமிக்ரேஷனைக் கடந்து, பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவருக்கு இதற்குப் பொதுவாக இந்திய விசா வேண்டும். இடைவெளி நாலு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருச்சி ஜங்ஷனில் ரயில் பிடிக்கிறவர், அட்டவணைப்படி விமானம் இறங்கும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் கழித்துக் கிளம்பும் ரயிலாகப் பார்த்துப் பதிவு செய்யலாம். ஒரு நாளைக்கு ஒரே விமானம் ஓடும் பாதையில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள்தான்.